புகைக்கூண்டில் ஒற்றைச் சப்பாத்து

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் இரண்டு வகை. வாசலோடு பேசிவிட்டுப் போகிறவர்கள் ஒரு வகை. உள்ளே வந்து, உட்கார இடம் தேடி, கடைசியில் நின்றுகொண்டே பேசிவிட்டுப் போகிறவர்கள் இன்னொரு வகை. ஒரே ஒருமுறை என் நாத்தனார் துணிந்து உட்கார்ந்தாள். எழுந்தபோது, என் பையன் காலையில் செய்து வைத்திருந்த ஈரக் களிமண் யானை அவள் புடவையின் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அது தெரியாமல் அவள் விழுப்புரம் பஸ் ஏறிவிட்டாள். யானை போய்விட்டதே என்று அவன் ரொம்ப நாள் அழுதான். நாத்தனார் போய்விட்டாளே என்று யாரும் அழவில்லை.

புதுவை நெல்லித்தோப்பில் ஒரு சந்துக்குள் ஓட்டு வீடு. ஒரு கூடம், ஓர் அறை, அடுப்பங்கரை, பின்னால் கிணறு. அவ்வளவுதான் வீடு. ஆனால் அதற்குள் காணாமல் போகும் பொருள்களைக் கணக்குப் பார்த்தால் கவர்னர் மாளிகை கூடத் தோற்றுவிடும். கரண்டி போகும், கத்தரிக்கோல் போகும், ஒருமுறை அம்மிக் குழவியே போயிற்று. குழவிக்குக் காலும் இல்லை கையும் இல்லை. இருந்தாலும் போயிற்று. பிறகு அது என் மூத்த பெண்ணின் படுக்கையில், தலையில் துணி கட்டி, போர்வை போர்த்தி, காய்ச்சலில் படுத்திருந்தது. அதற்கு மிளகு ரசம் வேண்டும் என்றார்கள். கொடுத்தேன். சட்னி அரைக்க வேண்டுமே, வேறு என்ன செய்வது?

பிள்ளைகள் மூன்று பேர். மூத்தவளுக்கு அப்போது ஏழு வயது. வீட்டில் சட்டம் போடுகிறவள் அவள். நடுவில் பையனுக்கு ஐந்து. போட்ட சட்டத்தை நிறைவேற்றுகிறவன். கடைக்குட்டிக்கு இரண்டு, எதிலும் சேராமல், கையில் எப்போதும் எதையாவது தின்றுகொண்டு, தின்றதில் பாதியைத் தரைக்குக் கொடுத்துக்கொண்டு திரிகிறவன். இந்தக் கடைக்குட்டி பிறந்தபோது நான் ஏறக்குறையப் போய்விட்டேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் இரண்டு கையையும் விரித்துவிட்டாராம். துக்கத்துக்கு வருகிற சனம் பெருக்காத வீட்டைப் பார்த்து என்ன சொல்லும் என்ற கவலைதான் என்னைப் பிடித்து உட்கார வைத்தது என்று பிற்பாடு எல்லோரிடமும் சொல்வேன். எல்லோரும் சிரிப்பார்கள். என் கணவர் மட்டும் சிரிக்க மாட்டார். மற்ற எதற்கும் சிரிக்கிற மனுஷன், அதைச் சொன்னால் மட்டும் எழுந்து கிணற்றடிக்குப் போய்விடுவார்.

அந்த வீட்டில் ஒழுங்கு என்று ஏதாவது இருந்தது என்றால், அது கூடத்துச் சுவரில் ஒரு முழ அகலம் மட்டும்தான். அது என் கணவருடைய ராஜ்ஜியம். மேலே ஆணியில் கறுப்புக் கோட்டு. கோட்டுப் பையில் மடித்து வைத்த டை. கீழே பலகையில் ஒரு ஜோடிக் கறுப்புச் சப்பாத்து. டையில் குத்துவதற்கு ஒரு வெள்ளி ஊசி. அந்த ஊசியை அவருடைய வெள்ளைக்கார மேலதிகாரி, பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய பிறகு கப்பல் ஏறப் போகுமுன், தன் டையிலிருந்து கழற்றி இவர் டையில் குத்திவிட்டுப் போனாராம். இவர் அதைத் தினமும் துடைப்பார். எங்கள் வீட்டில் தினமும் துடைக்கப்பட்ட ஒரே பொருள் அதுதான். நான் ஒருநாள், அந்தத் துணியாலேயே ஜன்னலையும் ஓர் இழுப்பு இழுக்கலாமே என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் பிரெஞ்சு தேசமே இருந்தது.

சப்பாத்தை அவர் தினமும் போடுவதில்லை. அடித்தோல் தேய்ந்திருந்தது. ஆபீஸுக்குச் செருப்பு, விசேஷத்துக்குச் சப்பாத்து என்று பிரித்து வைத்திருந்தார். பிள்ளைகள் அந்தப் பலகையைத் தொட்டால் வீடு இரண்டு படும். அதனால் பிள்ளைகள் அதைத் தொடுவதில்லை என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

கொடி மாறிய மறு வருடம் அது. ஆபீஸில் இவர் தற்காலிகம். வெள்ளைக்காரன் காலத்திலேயே தற்காலிகம்தான். ஆனால் அந்தக் காலத்தில் தற்காலிகம் என்றால் சாகிறவரைக்கும் என்று அர்த்தம். இப்போது மதராஸ் பக்கத்திலிருந்து புதிய மேலதிகாரி வந்திருந்தார். தற்காலிகக்காரர்களில் யாரை நிரந்தரமாக்குவது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று பொங்கலை ஒட்டி அவர் முடிவு செய்யப் போகிறார் என்று பேச்சு. இவரை வீட்டுக்கு அனுப்பினால் நெல்லித்தோப்பு வீட்டுக்கு வாடகை கொடுக்க வழி கிடையாது. விழுப்புரத்துக்கு அந்தப் பக்கம் மாமனார் வீட்டுக்குப் போய், மல்லாட்டைக் கொல்லையில், கடலைச் செடிக்கு நடுவில், களை பறிக்க வேண்டும். களை பறிப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மாமியார் பார்த்துக்கொண்டிருக்க அவர் கொல்லையில் களை பறிப்பதுதான் வேறு கதை. அதோடு பெண்ணின் பள்ளிக்கூடம் போச்சு, பையன் அடுத்த வருடம் சேர வேண்டியது போச்சு.

மார்கழி முழுக்க எங்கள் வீட்டில் இதே பேச்சு. சோறு போடும்போது இதே, சோறு தின்னும்போது இதே. பிள்ளைகளுக்கு எதுவும் புரியாது என்ற தைரியத்தில் பேசினோம். பிள்ளைகள் காதில் விழ வேண்டியவை ஒருநாளும் விழாது. விழக் கூடாதவை எல்லாம் விழும் என்பது மூன்று பெற்றும் எங்களுக்குத் தெரியவில்லை. பெர்மனென்ட் என்றால் என்ன என்று ஒருநாள் மூத்தவள் கேட்டாள். தினமும் சோறு என்று அர்த்தம் என்றேன். அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவள் மேற்கொண்டு கேட்காமல் விட்டது அதுதான் முதல் தடவை.

வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஜனவரி முதல் தேதி காலையில் ஆபீஸ்காரர்கள் எல்லோரும் கோட்டு, டை, சப்பாத்து சகிதம் மேலதிகாரி வீட்டுக்குப் போய், ‘பொன் அன்னே’ என்று புத்தாண்டு வாழ்த்துச் சொல்லிக் கைகுலுக்கிவிட்டு வர வேண்டும். அவர் ஆளுக்கொரு சின்னக் கண்ணாடிக் கிளாஸில் ஒயினும் ஒரு துண்டு கேக்கும் கொடுப்பார். போகாதவன் பெயர் அவர் மனதில் ஒரு வருடம் நிற்கும். வெள்ளைக்காரன் போய்விட்டான், வழக்கம் போகவில்லை. மதராஸ்காரர் வீட்டுக்கும் போவதா வேண்டாமா என்று ஆபீஸில் ஒரு மாதம் கூடிக் கூடிப் பேசினார்கள். அந்த மாதம் அங்கே வேறு வேலை நடந்ததாகத் தெரியவில்லை. கடைசியில் போவதுதான் பத்திரம் என்று முடிவாயிற்று.

முதல் தேதி காலை இவர் எழுந்து, குளித்து, சலவைச் சட்டை போட்டு, டை கட்டி, ஊசி குத்தி, கோட்டை மாட்டிக்கொண்டு பலகைக்கு வந்தார். பலகையில் வலது சப்பாத்து இருந்தது. இடது இல்லை.

முதலில் குனிந்து பார்த்தார். பிறகு வலதைத் தூக்கிப் பார்த்தார், இடது அதற்குள் இருக்கும் என்பது போல. பிறகு என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டில் எது காணாமல் போனாலும் கடைசியில் என்னைத்தான் பார்ப்பார்கள்.

தேடினோம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினோம். கட்டிலுக்கடியில் முறுக்கு அச்சின் ஒரு தட்டு கிடைத்தது. தீபாவளிக்கு அது இல்லாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அரிசிப் பானைக்குப் பின்னால் நாலைந்து புளியங்கொட்டைகளும் ஒரு பொம்மைக் கையும். அழுக்குத் துணிக்கூடையைக் கவிழ்க்கப் போனேன். உள்ளேயிருந்து ஒரு கோழி என்னை முறைத்தது. பக்கத்து வீட்டுக்காரி ஒரு வாரமாகத் தெருவெல்லாம் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தாளே, திருட்டுப் போன அவளுடைய கோழி. என் கணவருடைய பழைய பனியன் மேல் உட்கார்ந்து நிம்மதியாக அடைகாத்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் அமைதியாக வேலை பார்த்த ஒரே ஜீவன் அதுதான். சப்பாத்து மட்டும் கிடைக்கவில்லை.

பிள்ளைகளைக் கூப்பிட்டு விசாரித்தேன். மூத்தவள் கூரையைப் பார்த்தாள். பையன் மூத்தவளைப் பார்த்தான். கடைக்குட்டி என் கையைக் கடித்தான். நேரமோ ஓடுகிறது. இவருடைய முகம் வெளுத்துவிட்டது. கோபம் வந்தால் சிவக்கும் முகம் அது. அது வெளுத்ததை அதற்கு முன் ஆஸ்பத்திரியில் ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன்.  ஒரு சப்பாத்துக்காகவா குடும்பம் மல்லாட்டைக் கொல்லைக்குப் போக வேண்டும் என்று நினைக்க நினைக்க, அழுகையும் வந்தது, பிள்ளைகளை நாலு சாத்தலாம் என்றும் வந்தது.

கடைசியாக அவர் அடுப்பங்கரைக்குள் போனார். அங்கே ஒரு வாரமாக எறும்புத் தொல்லை. சுவரில் வரிசை கட்டிக்கொண்டு மேலே போகும். மஞ்சள் தூள் தூவினேன், மண்ணெண்ணெய் தெளித்தேன், வாயால் திட்டியும் பார்த்தேன், போகவில்லை. அவர் அந்த வரிசையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கோட்டைக் கழற்றிக் கதவில் போட்டுவிட்டு, காப்பி போட்டு அணைத்திருந்த அடுப்பின் மேடையில் ஏறிப் புகைக்கூண்டுக்குள் தலையை விட்டார். நான் கூடத்தில் பாயை உதறிக்கொண்டிருந்தேன். அங்கிருந்து பார்த்தால் அவருடைய கால்தான் தெரிந்தது. மூத்தவளும் பையனும் அடுப்பங்கரை வாசற்படியில் கைகளைக் கூப்பிக்கொண்டு நின்றிருந்தார்கள். உதை விழக் கூடாதென்று வேண்டிக்கொள்கிறார்கள் என்று நினைத்தேன். அது ஒன்றாவது நியாயமான வேண்டுதல் என்று விட்டுவிட்டேன்.

மேலே அவர் தேடியது கொஞ்சம் அதிக நேரம்தான். பிறகு இறங்கி வந்தார். சலவைச் சட்டையின் கையெல்லாம் கரி. டையைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்.

"அங்கயும் இல்ல. வேட்டிய எடு, நான் வேட்டியிலயே போய்ட்டு வரேன்" என்றார்.

வேட்டியிலா என்று கேட்டேன். இந்த ஊரில் ஜனவரி முதல் தேதி மேலதிகாரி வீட்டுக்கு வேட்டியில் போவது, கல்யாணத்துக்கு லுங்கியில் போவது மாதிரி. அவர் கோட்டை ஆணியில் மாட்டினார், வேட்டி கட்டினார், வேறு சட்டை போட்டார், செருப்பை மாட்டிக்கொண்டார். புறப்படும்போது மூத்தவள் தலையில் கையை வைத்துவிட்டுப் போனார். அவ்வளவு அவசரத்தில் பிள்ளை தலையில் கை வைக்க என்ன இருக்கிறது என்று எனக்கு எரிச்சல். சட்டைக் கரியை எப்படிப் போக்குவது என்பது அடுத்த எரிச்சல்.

அங்கே நடந்ததை அவரோடு ஒரே மேசையில் வேலை பார்த்தவர் அன்று பகலில் வந்து, எங்கள் கூடத்தில் நின்றுகொண்டு சொன்னார். மதராஸ்காரர் வீட்டில் ஒயினும் இல்லை, கேக்கும் இல்லை. மார்கழி மாதம், விடியற்காலையிலிருந்து பஜனை, பூஜை. வாசல் அடைத்துப் பெரிய கோலம். மேலதிகாரி இடுப்பில் வேட்டி, நெற்றி நிறைய விபூதியோடு உள்ளே நிற்கிறார். கோட்டும் டையுமாக ஆபீஸே கோலத்துக்கு இந்தப் பக்கம் நிற்கிறது. பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வரலாமே என்றாராம் அவர். எல்லோரும் தெரு ஓரத்தில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்கள். புதுவையில் சப்பாத்து போட்டவன் உள்ளே கிழியாத காலுறை போட்டிருப்பான் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஒவ்வொருவருக்கும் கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்க்கிறது.

"இவரு மட்டும் செருப்ப உதறிட்டு நேரா உள்ள போய்ட்டாரு. நாங்க கயித்த அவுத்துக்கினு தெருவுல குந்திக்கினு இருந்தோம்" என்றார் அவர். முதல் வெண்பொங்கல் இவர் இலைக்குத்தான் விழுந்ததாம். எந்த ஊர், என்ன குடும்பம் என்று மேலதிகாரி நின்று விசாரித்தாராம். சொன்னவருடைய குரலில், தான் ஏன் வீட்டில் ஒரு சப்பாத்தைத் தொலைக்கவில்லை என்ற வருத்தம் நன்றாகத் தெரிந்தது. எங்கள் பிள்ளைகளை ஒரு வாரம் கடன் தருகிறேன் என்று சொல்லலாமா என்று பார்த்தேன். மரியாதைக்காகச் சொல்லவில்லை.

இவரோ தலைகால் புரியாமல் இருந்தார். எளிமைதான் மனுஷனுக்கு அழகு என்று நாலு நாள் பிரசங்கம். அந்த எளிமைக்குக் காலையில் வியர்த்துக் கொட்டியதை நான் ஞாபகப்படுத்தவில்லை. ஆனால் உத்தரவு இன்னும் வரவில்லை. ஒரு கரண்டி வெண்பொங்கல் நிரந்தர வேலை ஆகிவிடாது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். 

அந்த நாட்களில் ஒன்றைக் கவனித்தேன். வெள்ளி ஊசியைக் காணோம். அவர் துடைக்கிற துணி ஆணியில் சும்மா தொங்கியது. ஊசி எங்கே என்று கேட்டேன். எங்கேயாவது இருக்கும் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் பல்லு விளக்கப் போய்விட்டார். அது தொலைந்தால் வீட்டைப் பேர்த்துப் போடுவார் என்று பயந்துகொண்டிருந்த பொருள். மனுஷனுக்கு வேலைக் கவலையில் மூளை குழம்பிவிட்டது என்று முடிவு கட்டினேன்.

போகி வந்தது. வருடத்தில் ஒருநாள் எங்கள் வீட்டைச் சுத்தம் செய்ய சாஸ்திரமே கட்டளை போடுகிறது; அன்று தப்பிக்க வழியில்லை. அவர் ஆபீஸுக்குப் போன பிறகு அடுப்பங்கரையில் ஆரம்பித்தேன். நீளக் கழியில் துடைப்பத்தைக் கட்டிப் புகைக்கூண்டுக்குள் விட்டு ஓர் இழுப்பு இழுத்தேன். கரி கொட்டியது. அடுத்து, உள்ளே செங்கல் நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பிலிருந்து என்னவோ பெயர்ந்து என் தோளில் அடித்துவிட்டுத் தரையில் விழுந்தது. இடது சப்பாத்து.

கருவாடு மாதிரி புகை ஏறி விறைத்திருந்தது. உள்ளேயிருந்து கொட்டியவை: மூத்தவளுடைய சிவப்பு ரிப்பன், பையனுடைய கோலிகளில் பெரியது, எறும்பு தின்றது போக மீதி அரை முறுக்கு. அதோடு வெள்ளி ஊசி.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கோழி கூடப் பறந்திருக்கும். மூத்தவள் ஓடி வந்தாள். சப்பாத்தை நான் கையில் எடுத்ததைப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"எடுக்காதம்மா. அது உண்டியல். போட்டத எடுத்தா சாமி கோச்சிக்கும்" என்றாள்.

அழுகைக்கு நடுவே கதை வந்தது. அவள் ‘மசேர்’ என்று கூப்பிடும் பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரீ கிறிஸ்துமஸ் சமயம் சொல்லியிருக்கிறார்: பிரான்ஸ் தேசத்தில் பிள்ளைகள் அன்று படுக்கப் போகுமுன் சப்பாத்தைப் புகைக்கூண்டுக்குக் கீழே வைத்துவிடுவார்களாம், குழந்தை ஏசு அந்த வழியாக இறங்கி அதற்குள் பரிசு போட்டுவிட்டுப் போவாராம். கன்னியாஸ்திரீ சொன்னது அவ்வளவுதான். மீதியை என் பெண் தன் சொந்த அனுபவத்திலிருந்து சேர்த்துக்கொண்டாள். சாமி சும்மா எப்படிக் கொடுக்கும்? நாம் கோயிலுக்குப் போனால் முதலில் உண்டியலில் போட்டுவிட்டுத்தானே கேட்கிறோம்? வெள்ளைக்காரப் பிள்ளைகள் போடுவதைச் சொல்ல மசேர் மறந்துவிட்டார், அவ்வளவுதான். ஆகவே சப்பாத்து என்பது அந்த ஊர் உண்டியல். வீட்டில் சப்பாத்து வைத்திருப்பவர் அப்பா ஒருவர்தான். ஆளுக்கொரு காணிக்கை போட்டார்கள். கடைக்குட்டிக்குச் சொத்து என்று எதுவும் இல்லாததால், கையிலிருந்த முறுக்கைப் பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள். அப்பாவை பெர்மனென்ட் ஆக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார்கள். பிறகு மேடை மேல் முக்காலியைப் போட்டு ஏறி உண்டியலைச் சாமி வருகிற வழியிலேயே வைத்தாயிற்று. முதல் தேதி அப்பா தேடியபோது ஏன் சொல்லவில்லை என்றால், உண்டியலில் போட்டதைத் திரும்ப எடுக்கக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். ஒரு திருவிழாவில், அவள் போட்ட காசுக்கு மிட்டாய் கேட்டு அழுதபோது சொன்னேன். நல்ல புத்தி சொல்லி வளர்த்த பலன்.

இரண்டையும் வைக்காமல் ஒன்றை மட்டும் ஏன் வைத்தாய் என்று கேட்டேன். அப்பாவுக்கு ஒன்றாவது வேண்டாமா என்று திருப்பிக் கேட்டாள். அந்த வீட்டில் நியாயம் என்று ஒன்று இருந்தது என்பதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

எல்லாம் சரி, ஊசியை எடுத்தது மட்டும் பெரிய தப்பு என்று ஊசியைத் தூக்கிக் காட்டினேன். அப்பாவுடைய உயிர் இது, இதைத் திருடிப் போடலாமா என்று கையை ஓங்கினேன். அவள் ஊசியைப் பார்த்தாள். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை நன்றாகப் பார்த்தாள்.

"அத நாங்க போடலம்மா" என்றாள்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. சட்டைக் கையில் கரி. கையில் கழற்றிப் பிடித்த டை. வாசற்படியில் கூப்பிய கைகளோடு நின்ற இரண்டு பிள்ளைகள். அந்த மனுஷன் மேலே ஏறியதும் சப்பாத்தைப் பார்த்திருக்கிறார். ரிப்பனையும் கோலியையும் முறுக்கையும் பார்த்திருக்கிறார். கீழே நிற்கிறவர்களையும் பார்த்திருக்கிறார். எட்டி எடுத்து, தட்டிவிட்டு, காலில் மாட்டிக்கொண்டு போயிருக்கலாம். வேலை போகுமோ என்று முகம் வெளுத்து நின்ற மனுஷன், கைக்கு எட்டிய சப்பாத்தை அங்கேயே விட்டுவிட்டு, தன் பங்குக்கு ஊசியையும் அதில் போட்டுவிட்டு இறங்கி வந்து, "அங்கயும் இல்ல" என்று என்னிடம் பொய் சொல்லியிருக்கிறார்.

அடுப்பங்கரைத் தரையில், கரிக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். பதினோரு வருடம் அவரோடு குடும்பம் நடத்தி, அவருக்கு அந்தக் கோட்டும் ஊசியும்தான் பெரிது என்று நினைத்துக்கொண்டிருந்தேனே என்று அழுதேன். மூத்தவள் பயந்துபோய்த் தன் பாவாடையால் என் முகத்தைத் துடைத்தாள். பாவாடையில் வெல்லம் இருந்தது. முகமெல்லாம் பிசுபிசுப்பு. அழுகைக்கு நடுவிலேயே சிரிப்பு வந்துவிட்டது.

எல்லாவற்றையும் பொறுக்கி, அரை முறுக்கு உட்பட, சப்பாத்துக்குள் போட்டு, மேடை மேல் ஏறி இருந்த இடத்திலேயே வைத்தேன். வைக்குமுன் நானும் ஒன்று போட்டேன். என்ன என்று சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் காணாமல் போனதாக நம்பப்படும் பொருள்களில் அதுவும் ஒன்று. அந்த வருடம் போகிக்கு எங்கள் புகைக்கூண்டில் மட்டும் அதற்கு மேல் ஒட்டடை அடிக்கவில்லை.

பொங்கல் முடிந்த வாரத்தில் உத்தரவு வந்தது. நிரந்தரம். எதனால் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். தன் எளிமையால் என்றார் அவர். இவர் வேலையில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியாது, அதனால்தான் என்றார் கூட வேலை பார்த்தவர். பிள்ளைகள் எதுவும் சொல்லாமல் அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டுவிட்டு விளையாடப் போனார்கள். சப்பாத்தைப் பற்றி அவரும் என்னிடம் பேசவில்லை, நானும் அவரிடம் பேசவில்லை.

எளிமையின் பலனை நான்தான் அனுபவித்தேன். வேட்டி கட்டுகிற நல்ல பையன் என்று மேலதிகாரி மனதில் பதிந்துவிட்டதால் அவர் இருக்கிறவரை இவர் வேட்டியிலேயே ஆபீஸ் போனார். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் தினம் ஒரு வெள்ளை வேட்டியைக் கைரேகை இல்லாமல் வாசல் தாண்ட வைப்பது எவ்வளவு எளிமை என்று எந்தப் பிரசங்கத்திலும் வரவில்லை.

சில வருடம் கழித்து மதராஸ்காரர் மாற்றலாகிப் போனார். இவர் புதிதாக ஒரு ஜோடிச் சப்பாத்து வாங்கினார். பட்ட புத்தியில் அதை அலமாரியின் உச்சியில் வைத்தார். நான் கையைத் தூக்கினாலும் எட்டாது, பிள்ளைகள் முக்காலி போட்டாலும் எட்டாது. அவருக்கு மட்டும்தான் எட்டும். மூத்தவள் அதற்குள் பாவாடை தாவணிக்கு வந்துகொண்டிருந்தாள்; உண்டியல் கதையைச் சொன்னால் வெட்கப்பட்டுக்கொண்டு அடிக்க வருவாள். வீடு மட்டும் திருந்தவில்லை. நான் நான்காவதைச் சுமந்துகொண்டிருந்தேன், தை பிறந்ததும் பிரசவம். கடைக்குட்டி பிறந்த சமயத்தை நினைத்து வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை, காப்பிக்கு அடுப்பு மூட்டப் போனேன். சுவரில் எறும்பு வரிசை கட்டிக்கொண்டு மேலே போய்க்கொண்டிருந்தது. கூடத்துக்கு வந்து அலமாரி உச்சியைப் பார்த்தேன். அங்கே வலது சப்பாத்து மட்டும் இருந்தது. அவர் பாயில் புரண்டு படுத்து, தூங்குவது போலக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார்.

முறுக்கைக் கூட விடாமல் போட்டிருக்கிறார். போன தடவை பலித்த முறையில் எதையும் மாற்றக் கூடாது என்று நினைத்திருப்பார். அடுப்பங்கரைக்குத் திரும்பிப் போய், எறும்புக்கென்று கையில் எடுத்த மஞ்சள் தூளை டப்பாவிலேயே கொட்டிவிட்டுக் காப்பி போட்டேன்.